புட்டுப் பதம்

தொண்ணூறுகளில் பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டில் எரிந்தது அறுப்புப்பொடி அடுப்பு. தகர டின்னின் நடுவே ஒரு குப்பியை நிறுத்தி, மரமில்லில் வாங்கிய மரத்தூள் பொடியைச் சுற்றிலும் இடித்து நிறைத்து, குப்பியை உருவிவிட்டால் அடுப்பு தயார். பொடி மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் வாரம் ஒரு வீட்டில் நடக்கும் சபை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வருகிறவர்களுக்குச் சாயா போட வேண்டும். மழை விட்டிருந்த இரண்டு நாளாக முற்றத்துப் பாயில் விரித்துக் கிடந்த பொடியைக் காட்டி, "காஞ்சுதா, பாரு" என்றார் கணவர்.

புட்டு அவிப்பதில் எனக்கு ஊரில் நல்ல பேர் உண்டு. அந்தக் கையால் ஒரு பிடி அள்ளி இறுக்கினேன். உருண்டையாக நின்றது, தட்டியதும் உதிர்ந்தது. "பதம் சரியாக்கும், நிறைச்சுக்கிடுங்க" என்றேன்.

'நீ புட்டுக்குல்லா பாக்கிய?' என்று அந்த மனுஷன் கேட்டிருக்கலாம். கேட்காமல் டின்னில் இடித்து நிறைத்துவிட்டார்.

புட்டுக்கு வேண்டிய ஈரம் முழுக்கப் பொடியில் இருந்திருக்கிறது. முதல் பாட்டு முடிவதற்குள் புகை அடுக்களையைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய்விட்டது. ஊதி ஊதி என் தொண்டை காய்ந்தது, பொடி காயவில்லை. பாட்டு நின்று, மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. வெட்கத்தில் நான் வெளியே தலைகாட்டவில்லை.

சாயா இல்லாமலே எல்லோரும் எழுந்தார்கள். ஜெபம் நடத்த வந்த உபதேசியார் கண்ணைத் துடைத்தபடி வாசலில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த சபை ஒருமிச்சு அழுது நான் இதுவர பாத்ததில்ல. வாற ஆழ்ச்சையும் ஜெபம் இங்கயாக்கும்."