கோப்பை கொடுக்கப் போனேன், தட்டைக் கொடுத்தார்கள்

இன்று காலை பெசன்ட் நகரில் சிறுமிகள் கால்பந்து இறுதி ஆட்டம். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்திய அணியின் மிட்ஃபீல்டர் என்று பேனரில் என் படம்கூட இருந்தது.

மேடை ஏறியதும் அமைப்பாளர் மெடல் அடுக்கிய தட்டோடு ஓடி வந்தார்.

"மேடம், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. வேற லேடீஸ் யாரும் வரல. ஸ்பான்சர் சார் எடுத்துக் கொடுத்துடுவாரு."

சபையில் சண்டை வேண்டாமென்று வாங்கிவிட்டேன். என் காலிலிருந்து பந்தைப் பிடுங்க வந்த யாருக்கும் இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

ஸ்பான்சர் கேட்டார்: "நீங்க கோல் போடுவீங்களா?"

"கோல் போடறவங்களுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பேன் சார்."

"அப்போ இந்த வேலை பழக்கம்தான்!" என்று சிரித்தார்.

ஜெயித்த அணியின் கேப்டன், பக்கத்துக் குப்பத்துப் பெண், மேடைக்கு வந்தவள் என்னையே பார்த்தாள்.

"இன்னாக்கா, நீதான் கப்பு குடுப்பேன்னாங்க. தட்ட புடிச்சிகினு நிக்கிற?"

தட்டை ஸ்பான்சர் கையில் வைத்தேன். மேசையிலிருந்த கோப்பையை எடுத்து அவளிடம் நானே கொடுத்தேன். மெடல்களையும் நானே போட்டுவிட்டேன். கடைசிப் பிள்ளை வரும்வரை அவர் தட்டோடு நின்றார்.

கீழே இறங்கியதும் அமைப்பாளர் பொரிந்து தள்ளினார்: "என்ன மேடம் இது? போட்டோ பூரா சார் தட்டோட நிக்கிறாரு. பாக்க நல்லாவா இருக்கு?"

கொஞ்சம் முன்னால் அதே தட்டோடு நான் நின்றேனே, அது மட்டும் அவர் கண்ணுக்கு எப்படி நன்றாக இருந்தது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.