இண்டெக்ஸில் இடது இல்லை

தொண்ணூறுகளில் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கார் சாமான் கடையில் கவுண்டரில் இருந்தேன். சரக்கெல்லாம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் இருந்த ஸ்டோரில். சாமான் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் ரேக் நம்பர் வரும். போன் போட்டுச் சொல்வேன். லாரி கொண்டுவரும்.

ஒரு நாள் ஹார்டிஸ்க் நிரம்பிவிட்டது. முதலாளியின் மருமகன் வந்தார். கம்ப்யூட்டர் படித்தவர். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று மிஷின் தனியாக எழுதி வைக்குமாம். அதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். சரக்கு விவரத்தைவிட அதுதான் பெருத்துக் கிடக்கிறது என்றார்.

"அடிக்கடி வர்ற சொல்லுதான் இடத்த அடைக்குது. எல்லாத்துலயும் வர்ற சொல்லத் தேடி என்ன பிரயோசனம்? தூக்கிடலாம் லா."

பெரிய டிஸ்க் வாங்க முதலாளிக்கு மனசில்லை. மருமகன் வாங்கச் சொல்லவும் இல்லை. அதிகம் வந்த சொற்களைத் தூக்கினார். பாதி இடம் காலி. மாமனார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தூக்கியதில் கிரியும் கானானும் போய்விட்டன. மலாயில் இடது, வலது. கார் சாமானில் அதைவிட அதிகம் வருகிற சொல் எது? கடையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் ஒரு டாக்சிக்காரர் வந்தார். இடது முன்விளக்கு உடைந்திருந்தது. விடிந்தால் இன்ஸ்பெக்ஷன். தவறினால் டாக்சி ஓட்ட முடியாது. 'கிரி' என்று சேர்த்துத்தான் தட்டினேன். மிஷின் அதைக் கண்டுகொள்ளாமல் ஏதோ ஒரு ரேக்கைக் காட்டியது. மாலையில் வலது விளக்கு வந்து இறங்கியது. ஜுரு ஸ்டோரைப் பூட்டியாகிவிட்டது.

"கிரின்னுதானே சொன்னேன்?"

"கிரின்னுதாண்ணே அடிச்சேன்."

மருமகன் எட்டிப் பார்த்தார். "இண்டெக்ஸ சின்னதாக்கிட்டோம் அண்ணே. அதான். இப்ப பாதி டிஸ்க் காலி."

"நல்லதாப் போச்சு தம்பி. நாளைக்கு ஓட்ட முடியாத என் கெரேத்தாவ அங்கதான் நிறுத்தணும்."

மருமகன் சிரித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் போல.

இரண்டு நாள் கழித்து டாக்சிக்காரர் பஸ்ஸில் வந்தார். டாக்சி அவர் வீட்டு வாசலில் நின்றது. அதற்குள் மருமகன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எது கேட்டாலும் இரண்டு பக்கத்துச் சாமானையும் லாரியில் ஏற்றிவிடுவது. இண்டெக்ஸைத் தொடக்கூடாது.

டாக்சிக்காரர் இடது விளக்கை எடுத்து, கீறல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்ஷனுக்கு இனி எப்ப தேதி கெடைக்கும்னு இந்த மிஷின்ல தேடலாமா தம்பி?"

அதற்கெல்லாம் வேறு புரோகிராம் வேண்டும் என்று மருமகன் சொல்ல ஆரம்பித்தார். டாக்சிக்காரர் விளக்கைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.