பூமயில் இடுப்பில் கை வைத்தால்

பூமயிலின் வலது கை இடுப்புக்குப் போகிறது. அவ்வளவுதான், பாம்பன் கரையில் காய்கிற நெத்திலி முழுக்க மளமளவென்று கூடைக்குள் ஏறுகிறது. வானத்தில் மேகம் ஒரு துண்டுகூட இல்லை. யாரும் அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. சற்று நேரத்தில் மழை கொட்டுகிறது.

பூமயிலும் கருவாடு போடுகிறவள்தான். அந்த இடுப்பு வலி அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தியே வந்துவிட்டது. குனிந்தால் நிமிர முடியாது. படுத்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள், பாவம். ஒருமுறை சேலையில் ஒட்டிய செதிலைத் தட்டிவிட இடுப்பில் கை வைத்தாள். கரையே கருவாட்டை அள்ளிவிட்டது. மழை வரவில்லை. “சும்மா வைக்கிறதுன்னா சொல்லிட்டு வையி!” என்று அவளைத்தான் ஏசினார்கள்.

டிஸ்க் என்றார் ஒரு டாக்டர். கிட்னியில் கல் என்றார் இன்னொருவர். “உள்ளாற நண்டு கெடக்கு. காத்து மாறுனா கொடுக்க விரிக்குது” என்பது பூமயிலின் கட்சி.

ராமநாதபுரத்தில் ஜஸீலா டாக்டர் ஸ்கேனை நெடுநேரம் பார்த்தார். “நண்டு இல்லம்மா. முதுகெலும்போட கடைசிக் கட்டை ஒரு பக்கம் பெருத்து இடுப்பெலும்புல உரசுது. பொறக்கும்போதே வந்தது. எல்லாருக்கும் இப்படி இருக்காது.” சந்தேகம் தீர, உரசுகிற இடத்தில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டார். வலி பட்டென்று நின்றது. “அப்ப இதுதான். செதுக்கி எடுத்துரலாம்.”

அன்று மத்தியானம் பூமயில் கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கை இடுப்புக்குப் போகவே இல்லை. மழை வந்து அத்தனை பேர் கருவாடும் ஊறிப்போனது.

சாயங்காலமே கரைக்காரர்கள் பூமயில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். “ஆபரேசன் மட்டும் வேணாம்க்கா. தைலம் நாங்க வாங்கித் தாரோம்” என்று பக்கத்தில் கருவாடு காயப்போடுகிற முருகலட்சுமி கண்ணைக் கசக்கினாள்.

“ஏத்தா, ஒங்க நெத்திலி காய என் இடுப்பு நோகணுமா?”

“ரெண்டு பாட்டிலா வாங்கித் தாரோம்க்கா” என்றாள் முருகலட்சுமி. பூமயிலுக்கு ஆத்திரம் பொங்கியது. மறுவாரமே போய் எலும்பைச் செதுக்கிக்கொண்டு வந்தாள்.

உடம்பு தேறி அவள் மறுபடி கரைக்கு வந்த அன்று மேற்கே வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் அவள் இடுப்பிலேயே இருந்தது.

“எக்கா, அள்ளவா?” என்றாள் முருகலட்சுமி.

பழக்கத்தில் பூமயிலின் கை இடுப்புப் பக்கம் போனது. பாதியில் நின்றது. பிறகு மெல்ல உயர்ந்து, ஒற்றை விரலால் வானத்தைக் காட்டியது.