மேசையை வலம் வந்த புத்தகம்

சிட்னியில் கலர் டிவி வந்த வருடம் அது. பென்டில் ஹில்லில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. கிரிக்கெட் பார்க்கப் போய், புல் எவ்வளவு பச்சை என்று பார்த்துக்கொண்டிருப்போம்... பந்து போனது தெரியாது. சரி, அது வேறு கதை.

போன வாரம் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் கேட்டார்: "ஓவியப் புத்தகமெண்டு சின்னச் சின்னப் பதிப்பகங்கள் இவ்வளவு போடுதே, ஆர் அண்ணை வாங்கிறது?" எனக்கு உடனே குலம்தான் ஞாபகம் வந்தான்.

அந்த டிவி வருடம் நடந்தது இது. குலம் என் சிநேகிதன். ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. அவன் மனைவியின் தங்கை யோகம் தையல் ஃபாக்டரிக்கு ரயிலில் போய் வருவாள். போகும்போதும் வரும்போதும் படம் கீறுவாள். ஒருவருக்கும் காட்டமாட்டாள். குலம் கெஞ்சிக் கெஞ்சி, அதைப் புத்தகமாகப் போடச் சம்மதம் வாங்கினான். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: முதன்முதல் கீறிய படம் முன்னுக்கு, கடைசியாகக் கீறியது பின்னுக்கு.

நகரத்துப் பக்கம் கிளீப்பில் ஒரு புத்தகக்கடை. சின்னப் பதிப்பகப் புத்தகங்களை அந்தக் கடைக்காரி கடை முகப்புக் கண்ணாடிக்குள் வைப்பாள். சனிக்கிழமை மத்தியானம் கடை பூட்டுமுன் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அது போனால், தன் படங்களை இனி வெளியே காட்டுவதில்லை என்று யோகம் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சடித்த தாள்களைச் சேர்க்கச் சிநேகிதர்கள் எல்லோரும் குலம் வீட்டில் கூடினோம். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஆளாளுக்குச் சுற்றிவந்து ஒவ்வொரு தாளாக எடுத்து அடியில் செருகவேண்டும். பக்க எண் கிடையாது. படத்துக்கு எதற்கு எண் என்று யாரோ சொன்னது. குலம் அட்டை போட்டு, கம்பியால் தைத்துக்கொண்டு கராஜில் இருந்தான்.

நாங்கள் சுற்றினோம். கதை, சிரிப்பு, நடுவில் யாரோ ஒரு தேவாரம். எப்படிச் சுற்றினோம்? கோயிலில் சுற்றுகிற மாதிரித்தான்... மேசை வலக்கைப் பக்கம் இருக்க. குலம் அடுக்கி வைத்திருந்ததோ மற்றப் பக்கமாகச் சுற்ற.

வேலை முடிந்து வந்த யோகம் ஒரு புத்தகத்தைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தையும் திறந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அத்தான், இது என்ன?"

குலம் புரட்டினான். "கடைசிப் படம் முதல்ல நிக்குது..."

"எல்லாத்திலயுமோ?"

"ஓம். வலம் வந்திட்டினம் பாவியள்."

"பிரசாதமும் குடுத்தியளோ?" என்றாள் யோகம். சிரிக்கவில்லை.

கம்பியைக் கழற்றினால் தாள் கிழிந்தது. விடிந்தால் சனி. காலையில் குலம், யோகம், நான் மூவரும் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம். வழி முழுக்க யோகம் யன்னலைப் பார்த்தபடி. கீறவில்லை.

கடைக்காரி நரைத்த பின்னல் போட்ட மனுஷி. முதல் பக்கத்தைத் திறந்தாள். ரயிலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நித்திரைகொள்ளும் ஒரு பெண். நெடுநேரம் பார்த்தாள். அடுத்தது, அதற்கடுத்தது... கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றாள். அது யோகத்தின் முதல் படம். ஒரு ஆள் என்று கீறியது. கைகால் முளைத்த கத்தரிக்காய் மாதிரி இருக்கும். மனுஷி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதிலிருந்தா தொடங்கினாய்?" என்று இங்கிலிஷில் கேட்டாள்.

குலம் முந்திக்கொண்டான். "எங்கட கலாசாரத்தில..."

"சும்மா இருங்கோ அத்தான்." யோகம் தன் ஃபாக்டரி இங்கிலிஷில் உள்ளதைச் சொன்னாள். பிழையாகக் கோத்துவிட்டார்கள், என்னுடைய ஒழுங்கு இதுவல்ல.

"முன்னுக்கு இந்தக் கத்தரிக்காய் இருந்திருந்தால் நான் அப்போதே மூடியிருப்பேன்" என்றாள் மனுஷி. பெட்டியோடு வாங்கி உள்ளே வைத்தாள். ஒன்றை மட்டும் கண்ணாடிக்குள் விரித்து வைத்தாள். நித்திரைகொள்ளும் பெண்.

வெளியே நின்று யோகம் அதைப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதே இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"அண்ணை, ஒரு பென்சில் வாங்கித் தாறியளோ?" என்றாள் என்னிடம். "வீட்ட விட்டிட்டு வந்திட்டன்."

யார் வாங்குவது என்று கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான்: நின்று பார்க்கிறவர்கள். எங்கேயாவது ஒரு சின்னப் பதிப்பகத்தின் ஓவியப் புத்தகத்தைக் கண்டால் முதல் பக்கத்தோடு மூடிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்... பார்த்தபின் பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.