கிளட்ச்சுக்கு அடித்த பலகைப் பெட்டி

நாய்க்குட்டி பழக்குகிற தொழிலில் நாயைவிட நமக்குத்தான் மோப்பம் கூட வேண்டும். படி ஏறும்போதே குட்டி ராத்திரி எங்கே ஒண்ணுக்குப் போனது என்று தெரிந்துவிடும். வெறுங்காலோடு நடந்து, எதையோ சில்லென்று மிதித்து, ஒற்றைக் காலில் நின்றபடி வீட்டையே திட்டியவரா நீங்கள்? வாங்க, நம்ம கட்சி.

ரெண்டு ரூமு

ஸ்டெல்லா அக்காவுக்குத் திருவொற்றியூரில் மாடி போர்ஷன். அவர் கணவர் ஜோசப் அண்ணன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வரிசையில் வண்டி நின்றபோது, டயர் நிழலில் தூங்கிய குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெயர் கிளட்ச். அது மாடிப்படியெல்லாம் நனைக்க, கீழே இருக்கும் ஹவுஸ் ஓனரம்மா, "இன்னொரு வாட்டி படியில பாத்தேன், நாயும் கெடையாது, வூடும் கெடையாது" என்றுவிட்டார். அண்ணனும் லோடுக்குக் கிளம்பும்போது, நான் வருவதற்குள் பழகவில்லை என்றால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்த இடம் என்றால் டயருக்கு அடி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

குட்டி படுத்து, எழுந்து, திரும்புகிற அளவுக்கு ஒரு பெட்டி போதும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். படுக்கிற இடத்தை அது அசிங்கம் பண்ணாது, அடக்கிக்கொள்ளும். நாம் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து நேரே வெளியே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அண்ணனோ போவதற்கு முன் யார்டில் கிடந்த பலகையை எல்லாம் சேர்த்து, நானே கால் நீட்டிப் படுக்கலாம் போல ஒன்றை அடித்து வைத்திருந்தார். கிளட்ச்சுக்கு ஒரு மூலையில் தூக்கம், எதிர் மூலையில் கக்கூஸ்! இன்னாக்கா இது என்றேன்.

"நம்ம வூடுதான் ஒரே ரூமு, அதுக்காச்சும் ரெண்டு ரூமா இருக்கட்டும்னு ஆசையா அடிச்சாரு, டீச்சரம்மா."

கை

நடுவில் ஒரு பலகையை நிறுத்திப் பெட்டியைப் பாதியாக்கினேன். சாப்பாடு உள்ளேயே வையுங்க, உங்க பழைய புடவை ஒண்ணு போடுங்க, கோபத்தில் மட்டும் உள்ளே தள்ளாதீங்க என்று சொன்னேன். வெளியே போய்விட்டு வந்த பிறகு குட்டி சும்மா அழுதால் கொஞ்சம் பொறுங்க என்றும் சொன்னேன். அந்தக் கடைசிப் பேச்சை யார் கேட்டார்கள்?

அடுத்த தடவை போனால், அக்கா தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். கை மட்டும் தோள்வரை பெட்டிக்குள். உள்ளங்கையில் கன்னத்தை வைத்துக் கிளட்ச் சுகமாகக் குறட்டை விடுகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் இளகிவிட்டது.

"கைய எடுத்தா முழிச்சிக்குது. இன்னும் சோறுகூட ஆக்கல. பொட்டில போட்டது அதையா என்னையான்னே புரியல."

கைதட்டல்

வெளியே போய் முடித்ததும் அந்த இடத்திலேயே பாராட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து பாராட்டினால் எதற்கென்று அதற்குத் தெரியாது. தெருவில் நின்று பாராட்ட அக்காவுக்கு முதலில் ஒரே வெட்கம். கால்வாய் ஓரத்து மணலில் கிளட்ச் ஒழுங்காகப் போன அன்றைக்கு வெட்கமெல்லாம் பறந்தது. "எந்தங்கமே! போய்ட்டியாடா!" என்று கைதட்டிக் குதித்ததில் ஷேர் ஆட்டோவே நின்றுவிட்டது. ஜன்னலில் ஹவுஸ் ஓனரம்மா.

"எம்புள்ள டிகிரி வாங்கினப்போகூட நான் இப்டித் தட்டலடி!"

அண்ணன் வந்த அன்னிக்கு

அண்ணன் திரும்பிய நேரம் நானும் அங்கே இருந்தேன். லுங்கிகூட மாற்றாமல், "இன்னா, பழகிச்சா?" என்றார். அப்போது கிளட்ச் பெட்டியைவிட்டு வந்து, வாசல் கதவைப் பிறாண்டி, அவரைப் பார்த்து முனகியது. "தூக்குங்க, தூக்குங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். மனுஷர் பதறிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினார். நான் படியைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன். படியில் ஒரு சொட்டு விழவில்லை!

மணலில் இறக்கிவிட்டதும் அது நின்று நிதானமாகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. அக்கா மாடியிலிருந்து தட்டினார், ஓனரம்மா ஜன்னலிலிருந்து தட்டினார். அண்ணன் தட்டவில்லை. குந்தி உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"க்யூவுல நானும் இப்டித்தான் கேபின்ல அடக்கிகினு குந்திகினு கீறேன், டீச்சரம்மா. எனக்குக் கதவத் தொறக்க ஆளில்ல, இதுக்கு ஸ்டெல்லா கீறா. இங்கியே இருக்கட்டும்."

குட்டியைப் பழக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் பெரிய டீச்சர் மாதிரி போகிறேன்; பழகிக்கொள்வது என்னவோ எல்லா வீட்டிலும் மனுஷங்கதான்.