வயிற்றுக்குத்தும் நாடகப் பாடமும்

ஒன்பதாம் வகுப்பு முடிகிற தவணையில் எங்களுக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. அதுவரை என்ன படிக்க விருப்பம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது மொழியில் ஒன்று, கலையில் ஒன்று நாங்களே தெரிவு செய்யலாம் என்றார்கள். மொழிக்குச் சிங்களம் அல்லது தமிழ் இலக்கியம். கலைக்குச் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம். தெரிவு செய்தபிறகு, திங்கட்கிழமை தாயோ தகப்பனோ வந்து அதை வகுப்பாசிரியையிடம் சொல்லவேண்டும். எங்களுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

மொழியில் எனக்கு வில்லங்கம் இருக்கவில்லை. கொழும்பு பாமன்கடையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் சிங்கள வீடுகள். அந்தப் பிள்ளைகளோடு விளையாடி, சண்டை பிடித்து, கோள்மூட்டி வளர்ந்ததில் சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கந்தோரில் சிங்களம் தெரியாமல் அவதிப்பட்ட அப்பாவுக்கும் நான் அதையே எடுப்பதில் திருப்தி. சண்டையெல்லாம் கலையில்தான் வந்தது. எனக்கு நாடகம் வேண்டும், அம்மாவுக்குச் சங்கீதம் வேண்டும். என் பாட்டை ஒருமுறை கேட்டவர்கள் எவரும் மறுமுறை கேட்க விரும்பியதில்லை என்பது அம்மாவுக்கு ஒரு பொருட்டே அல்ல.

“நாடகத்தில படிக்கிறதுக்கு என்ன கிடக்கு? பொய் சொல்லத் தெரிஞ்சாக் காணும்” என்றார் அம்மா.

நான் சாப்பிடமாட்டேன் என்று அறிவித்தேன். அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார். என் அம்மாவிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகாது.

அந்த வீட்டில் என் பக்கம் நின்ற ஒரே ஆள் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய தாய் இளவயதிலேயே போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போவதற்காக வந்து, எங்கள் பின்னறையில் இருந்தார். கொழும்பில் தங்குவதற்குப் பொலிசில் பதிந்த தவணை முடிந்துவிட்டது. மறுபடி பதியப் போன இடத்தில், ஊருக்குத் திரும்பிப் போ என்று சொல்லிவிட்டார்கள். யுத்த காலம் அது. பதிவில்லாத வடக்குப் பொடியனை ரோட்டில் கண்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. ஆகவே மாமா படலையைத் தாண்டுவதில்லை. நான் வகுப்பு டீச்சரைப் போலவும், மேல்வீட்டு அன்ரியைப் போலவும், சில வேளைகளில் அம்மாவைப் போலவும் நடித்துக் காட்டுவேன். வெளியே சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகத் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார். அதைவிடப் பெரிய கைதட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

அந்த வாரத்தில்தான் மாமாவை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனிடமிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குள் மாமா கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்கு வந்து சேரவேண்டும். அங்கிருந்து அவர்கள் கொண்டுபோவார்கள், நேரம் தப்பினால் அவருடைய இடத்தில் அடுத்த ஆள் போவான். வீட்டில் சந்தோசப்பட ஒருவருக்கும் தெம்பில்லை. பாமன்கடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு எத்தனை செக்பொயின்ற். மாமாவுக்குச் சிங்களம் ஒரு சொல் வராது.

அப்பா யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். வருத்தக்காரப் பிள்ளையோடு டிஸ்பென்சரிக்குப் போகும் குடும்பத்தைப் பெரும்பாலும் செக்பொயின்றில் இறக்குவதில்லை. அப்பாவும் வந்தால் ஆம்பிளைகள் இரண்டாகிவிடும், அது கூடாது. அம்மா, மாமா, நடுவில் வயிற்றுக்குத்தோடு நான். கதைப்பதெல்லாம் நானே சிங்களத்தில் கதைக்கவேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட சந்தர்ப்பம் வாழ்நாளில் இன்னொருதரம் வாய்க்காது என்று எனக்கு விளங்கிவிட்டது.

“அப்ப எனக்கு நாடகம் வேணும்” என்றேன்.

அப்பா அடிக்கக் கை ஓங்கினார். அம்மா அவரைத் தடுத்து, “சரி, எடு” என்று ஒரே பேச்சில் முடித்தார். இவ்வளவு சுலபமாக வென்றது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை சந்தியிலிருந்து ஒரு ஓட்டோ பிடித்து வந்தார் அப்பா. ஓட்டுபவர் சிங்களவர், முன்பின் தெரியாதவர். ஏறும்போதே நான் தொடங்கிவிட்டேன். முனகலைக் கூட்டிக் குறைத்து, இடைக்கிடை மூச்சைப் பிடித்து, கண்ணை மேலே செருகி, ஒரு குறையும் வைக்கவில்லை. பாவம் அந்த மனிதர், உண்மையிலேயே பதறிப்போனார். “பய வென்ன எப்பா துவே”, பயப்படாதே மகளே என்று சொல்லிச் சொல்லி, பள்ளங்களில் மெல்ல விட்டு ஓட்டினார்.

முதல் மறிப்புகளில் தலையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஒரு ஆமிக்காரன் ஓட்டோவை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி மாமாவைப் பார்த்தான். “கொஹெத யன்னே?” எங்கே போகிறாய் என்று அவரைத்தான் கேட்டான்.

“அய்யே, பட ரிதெனவா” என்று அலறினேன். அண்ணா, வயிறு நோகுது. எங்கள் குடும்ப டொக்டர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், இது என் மாமா, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சிங்களத்தில் கொட்டித் தள்ளினேன். காது விசயம் எங்கள் திட்டத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது.

அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். பேசாமல் இருக்கவேண்டிய மனுசி விக்கி விக்கி அழுகிறார். போதாக்குறைக்கு, நோகிற பிள்ளை மடியில் கிடக்க, அவருடைய கை மாமாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. ஆமிக்காரனின் பார்வை அந்தக் கையில் போய் நிற்கிறது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள்? நான் புரளுகிற சாட்டில் அம்மாவின் விரல்களைப் பிரித்து எடுத்து, என் வயிற்றின்மேல் வைத்து அமத்திக்கொண்டேன்.

“அம்மா, மெத்தன, மெத்தன” என்றேன். இங்கே, இங்கே.

ஓட்டோக்காரரும் பிள்ளைக்குக் கடுமை என்று எங்களுக்காக மன்றாடினார். ஆமிக்காரன் என் முகத்தையும் அம்மாவின் கண்ணீரையும் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். “யன்ன, யன்ன.” போங்கள், போங்கள்.

கொட்டாஞ்சேனையில் இன்னொரு சங்கடம் வந்தது. எங்களை இறக்கிவிட்டுப் போகவேண்டிய ஓட்டோக்காரர், வருத்தக்காரப் பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல், டிஸ்பென்சரிக்குள் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டபடி நின்றார். அவர் நிற்கும்வரை நாடகமும் நடந்தாகவேண்டும். லொட்ஜ் இருப்பது அடுத்த ஒழுங்கையில். நேரமோ போய்க்கொண்டிருக்கிறது.

மாமா பையை எடுத்தார். “அக்கா, நான் போய் நம்பர் எடுக்கிறன்” என்றார்.

“ஓம் தம்பி, எடு” என்றார் அம்மா.

அவ்வளவுதான். மாமா வரிசையில் நிற்பவர்களைக் கடந்து, மூலையில் திரும்பிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் அந்தப் பக்கம் பார்க்காமல் என் வயிற்றையே தடவிக்கொண்டிருந்தார். இப்போதாவது ஒழுங்காகச் செய்கிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாமா எத்தனையோ நாடு சுற்றிப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். விசா கிடைத்து, அவர் ஊர் திரும்பக்கூடிய காலம் வந்தபோது அம்மா இல்லை. அன்றைக்கு அந்த டிஸ்பென்சரி வாசலில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? உள்ளே டொக்டர் என் வயிற்றை அமத்திப் பார்த்து, வெள்ளை நிறத்தில் ஒரு மருந்தைக் குடிக்கத் தந்தார். சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற அந்தச் சாமானையும் கலைக்காகக் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தமிழ் கதைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே வெற்றிக் களிப்பை அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மாமா லொட்ஜில் பத்திரம் என்று அப்பாவுக்கு போன் வந்திருந்தது. அம்மா குசினிக் கதிரையில் சேலையும் மாற்றாமல் இருந்தார்.

“திங்கக்கிழமை வந்து டீச்சரிட்ட சொல்லுறன், நாடகம் எண்டு” என்றார், நான் கேட்காமலே.

பாடம் கிடைத்துவிட்டது. இனி அந்தப் பாடத்துக்குரிய ஆள் நான். மேடைக்குப் பின்னால் பிழைகளைப் பேசித் திருத்துவதுதானே முறை? நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, நீங்கள் அழுதது கொஞ்சம் கூடிப்போச்சு. வயித்துக்குத்துக்கு ஆரும் இப்பிடி அழுவினமோ? பிறகு, மாமான்ர கையைப் பிடிச்சது சரியான பிழை. நான் எடுத்து வைக்காட்டி அந்த ஆமிக்காரன் பிடிச்சிருப்பான்.”

அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை” என்றார். “எனக்கு நடிக்கத் தெரியாது.”

அவர் குரல் இறங்கிப்போனதைக் கண்டு எனக்குப் பாவமாக இருந்தது. எல்லோருக்கும் எல்லாம் வருமா? அம்மாவின் தோளில் தட்டினேன்.

“பரவாயில்லை அம்மா” என்றேன். “செய்யச் செய்யப் பழகீரும்.”