ஒரு நிமிடமும் காலியாகாத சிம்மாசனம்

ஹாலிஎலவில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் நிசாம் காலையில் தொலைபேசியில் சாவுச் செய்தி சொன்னார். "தெமோதர ராசா மவுத்தாயிட்டாரு. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாரிமுத்து அண்ணனை எல்லோரும் ராசா என்றுதான் அழைத்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய காம்பராவின் சுவர் முழுக்க இங்கிலாந்து அரச குடும்பத்துப் படங்கள். பழைய பத்திரிகைகளிலும் காலண்டர்களிலும் வெட்டியவை. முடி துறந்த அரசர், தலை வெட்டுப்பட்ட அரசர், குழந்தையிலேயே பட்டம் ஏறியவர் என ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது.

அந்த நாட்டு மகாராணி இறந்தபோது அவர் வாசலில் கறுப்புக் கொடி கட்டினார். பக்கத்து லயத்துப் பெண்கள் கேலி செய்யாமல் விடவில்லை.

"என்ன ராசா, சம்பந்தி வீட்டுல எழவாமே. போகலையா?"

"விசா கெடைக்கல தாயி."

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து நம்மைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள், அவர்களுடைய கொடி இறங்கியதும் நாடற்றவர்களானவர்கள் நாம், இதில் கொடி வேறா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா ஒண்ணு பாரு. அந்தம்மா கண்ண மூடுன நிமிசமே மகன் ராசா. சிம்மாசனம் ஒரு நிமிசங்கூட காலியா இருக்காது. அடுத்தது யாருன்னு யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. அந்த நிச்சயந்தான் எனக்குப் புடிக்குது."

இன்னொரு நாள் அவருடைய பூட்டனின் பெயரைக் கேட்டேன். "தெரியாது. அந்த மகாராணியோட பூட்டன் பேரு தெரியும், சொல்லவா?" என்றார். சொல்லவும் செய்தார்.

அந்தத் தோட்டத்தின் வழக்கம் அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காம்பரா கைமாறிவிடும். அண்ணி இறந்த பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் தோட்ட வேலைக்குப் போகவில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மட்டும், "நீங்க இருக்கிற வரைக்கும் இருங்க" என்று சொல்லியிருந்தார். அதைத் தன் பரம்பரைக்கே கொடுத்த வாக்காக அண்ணன் எடுத்துக்கொண்டார். மகள் பவானி பேர் பதியப் போனபோது தடுத்தவரும் அவர்தான். "எனக்கப்புறம் நீதான். இதுல கேக்க என்ன இருக்கு?" கணவனை இழந்து பிள்ளையோடு வந்திருந்த பவானி, பதுளையில் ஒரு மருந்துக் கடைக்கு பஸ்ஸில் போய்வந்தாள். அரசர்கள் வாக்குத் தவறிய கதைகளை அத்தனை படித்தவர், துரையின் பேச்சை மட்டும் அப்படியே நம்பினார். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கசக்கிறது.

இழவு வீட்டில் தப்புச் சத்தம் ஓய்ந்ததும் கங்காணி பவானியிடம் வந்தார்.

"கருமாதி முடியட்டும்மா. மறுநா காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு வந்து பேரு குடுத்துரு. இல்லன்னா காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு தொரை."

"மருந்துக் கடை வேலை, கங்காணி மாமா?"

"அது டவுனு வேலைம்மா. அதுக்கெல்லாம் லயம் கெடையாது."

கருமாதிக்கு மறுநாள் நான் போனேன். சுவர் வெறுமையாக இருந்தது. பவானியின் மகள் படங்களைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "அம்மா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க மாமா. வீட்டுல வேணாமாம்." வாங்கிக்கொண்டேன். அவை என் அலமாரியில் சுருண்டே கிடக்கின்றன. விரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

அவருடைய பேச்சில் நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்: சிம்மாசனம் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்காது. இங்கும் காலியாக இருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பவானி கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியிருந்தாள்.